காற்றுப் புகாத வீடு

ஐசலின், நியூஜெர்சி
22 பிப்ரவரி 2009

அன்புத் தம்பி ஜுஹைருக்கு, லாத்தா ஷம்சாத்தின் ஸலாம். நீயும் ஆஸிபாவும் டெக்சாஸ் வெயிலில் நன்றாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். மாடியில் சின்னவள் ஃபைஹாவின் அறையில் மட்டும்தான் இப்போது நான்கு பேரும் குடியிருக்கிறோம். மற்ற அறைகளை மூடிவிட்டு அந்த ஓர் அறைக்கு மட்டும் சூடு விடுகிறோம். முழு வீட்டுக்கும் ஃபர்னஸை ஓட்ட வழியில்லை. உன் மச்சானைப் பற்றி அவரை அருகில் வைத்துக்கொண்டே போனில் எப்படிப் பேசுவது? பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவருக்கோ என் கையெழுத்தைப் படிக்கிற பொறுமை கல்யாணம் ஆன நாளிலிருந்தே கிடையாது. ஆகவே கடிதம்தான் பத்திரம்.

வேலை போனதிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துவிட்டார், இருமலைக் கூட்டிவிட்டார். நுரையீரலில் பழைய கோளாறு உனக்குத் தெரியும். குளிர் ஆகவே ஆகாது என்கிறார் டாக்டர். இந்த வீடோ சல்லடை. சனிக்கிழமைகளில் பேஸ்மென்ட் அடுப்பில் பிரியாணி போட்டு, ஓக் ட்ரீ ரோடு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கிறேன். பின்பக்கம் கரியை மூட்டி, கங்குகளை வாளியில் கீழே கொண்டுவந்து, தேக்சா மூடிமேல் பரப்பித் தம் போடுகிறேன். சுவரில் விரல் போகிற விரிசல். ஒரு ஜன்னலில் கண்ணாடியே இல்லை. மூடிமேல் நெருப்பு, என் காலுக்குக் கீழே பனிக்கட்டி.

இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் அவர் தாங்கமாட்டார், ஜுஹைர். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் இருவருக்கும் என் துஆ.

ஷம்சாத்

ரிச்சர்ட்சன், டெக்சாஸ்
15 மார்ச் 2009

லாத்தா, உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஆஸிபா ஒரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டாள். வெளியே வெயில். உடம்பைப் பார்த்துக்கொள், மச்சானையும்.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டெலிகாம் கம்பெனி என்னையும் ஜனவரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நீ அழத் தொடங்குவதற்குள் அடுத்த வரி: வேலை கிடைத்துவிட்டது. கேட்டால் நீயே நம்பமாட்டாய், உன் வீடு மாதிரி வீடுகளை அடைக்கிற வேலை.

வெதரைசேஷன் என்று பெயர். ஏழைக் குடும்பங்களின் வீட்டுக்கு அரசாங்கமே ஆள் அனுப்பி, விரிசலைப் பூசி, ஜன்னலை மாற்றி, சுவருக்குள் பஞ்சு மாதிரி ஒன்றை அடைத்துக் கொடுக்கும். முப்பது வருஷமாக இருக்கிற திட்டம்தான். இந்த வருஷம் பல மடங்கு பணம் ஒதுக்கி, வருமான வரம்பையும் தளர்த்தியிருக்கிறார்கள். அதனால் எங்களை மாதிரி ஆட்களை அவசரமாகப் பிடித்து டிரெய்னிங் கொடுக்கிறார்கள். நேற்றுவரை சர்க்யூட் பார்த்தவன் இன்று மண்டியிட்டு ஓட்டை தேடுகிறேன்.

பாதி டிரெய்னிங் ஒரே விஷயம்தான். வீட்டை இறுக்கி அடைத்த பிறகு உள்ளே எது எரிந்தாலும் அதன் புகை வெளியேற வழி வேண்டும். இல்லையென்றால் மணமும் நிறமும் இல்லாத ஒரு வாயு சேரும். தூங்குகிறவர் எழுந்திருக்கமாட்டார். அதனால் ஃபர்னஸையும் வாட்டர் ஹீட்டரையும் சோதித்துவிட்டுத்தான் அடைப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

நியூஜெர்சியிலும் இது உண்டு. உடனே அப்ளை பண்ணு. என் தலையில் அடித்துச் சொல்கிறேன், பண்ணு.

தம்பி ஜுஹைர்

ஐசலின்
19 ஏப்ரல் 2009

ஜுஹைருக்கு, உனக்கு வேலை கிடைத்ததற்கு அல்ஹம்துலில்லாஹ். மறைத்ததற்கு நேரில் வரும்போது காதைத் திருகுவேன்.

உன் மச்சானிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். “கவர்ன்மென்ட்கிட்ட போய்க் கையேந்தணுமா? நாம என்ன ஃபகீரா? ஸகாத் குடுத்த வீடு இது, ஷம்சாத், வாங்குற வீடில்ல” என்றார். அப்புறம் இருமினார். பேச்சைவிட இருமல் நீளமாக இருந்தது. ஆகிப் இடையில் புகுந்து, “வாப்பா, இட்ஸ் நாட் சேரிட்டி” என்றான். பதினாலு வயசுப் பையன் சட்டம் பேசினால் வாப்பாவுக்குக் கோபம் வராதா? அன்று முழுக்க இரண்டு பேரும் ஒரே அறையில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருப்பது ஒரே அறையாயிற்றே, வேறு எங்கே போவார்கள்?

என் சொல் ஏறாது. நீ எழுது. உன்னிடம் அவருக்கு மரியாதை உண்டு, காட்டிக்கொள்ளமாட்டார். ஆஸிபாவுக்கு மசக்கை எப்படி இருக்கிறது? புளிப்பாக ஏதாவது கொடு.

ஷம்சாத்

ரிச்சர்ட்சன்
10 மே 2009

மரியாதைக்குரிய இனாயத்துல்லா மச்சான் அவர்களுக்கு, ஜுஹைரின் ஸலாம். தங்கள் இருமல் குறைந்திருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன்.

நான் தினமும் போகிற வீடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மச்சான். போன வாரம் ஒரு ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர். முந்தின வாரம் என்னோடு கம்பெனியில் பக்கத்து க்யூபிக்கிளில் இருந்தவர். அவர் கதவைத் திறந்தார், நான் கிளிப்போர்டோடு நிற்கிறேன். இரண்டு பேருக்கும் வெட்கம். பிறகு காபி குடித்தோம். இது பிச்சை இல்லை. பதினைந்து வருஷம் நீங்கள் கட்டிய வரியில் ஒரு பிடி திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

லாத்தா பயப்படுகிறாள். அவள் பயந்து நான் பார்த்ததில்லை. எனக்காக ஒருமுறை கையெழுத்துப் போடுங்கள். தவறாகப் போனால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள
ஜுஹைர்

ஐசலின்
23 ஆகஸ்ட் 2009

ஜுஹைருக்கும் ஆஸிபாவுக்கும் ரமலான் வாழ்த்து. நோன்பு திறக்கும்போது எங்களையும் நினையுங்கள். மூன்று மாசமாக எழுதாததற்கு வெயிட்டிங் லிஸ்ட்தான் காரணம். நல்ல சேதி வந்ததும் எழுதலாம் என்று இருந்தேன்.

உன் கடிதத்தை உன் மச்சான் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பிறகு ஒரு நாள், “ஜுஹைர் சொல்றான்னுதான்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போன வாரம் சோதிக்கிறவர் வந்தார். வாசல் கதவில் பெரிய ஃபேனை மாட்டி ஓட்டினார். வீடு முழுக்க விசில் சத்தம். ஃபைஹா ஒவ்வொரு ஓட்டையாகக் கையை வைத்துச் சிரித்தாள்.

நல்ல மனுஷர். ஃபர்னஸைப் பார்த்தார், கீழே கேஸ் அடுப்புக்கு மேல் இருக்கிற ஃபேனைப் பார்த்தார். கெரசின் ஹீட்டர் இருக்கிறதா, விறகு எரிக்கிற ஸ்டவ் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்மிடம் ஏது அதெல்லாம்? அக்டோபரில் வேலை தொடங்குமாம். பனி விழுவதற்குள் முடிந்தால் போதும்.

ஷம்சாத்

ஐசலின்
25 அக்டோபர் 2009

அன்பு ஜுஹைர்,

ஸலாம். நான் கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் மனைவிக்குப் பிரசவம் நெருங்குவதாக ஷம்சாத் சொன்னாள். இருவரையும் அல்லாஹ் காப்பாற்றட்டும்.

வேலை முடிந்துவிட்டது. சுவர், பரண், பேஸ்மென்ட், எல்லாம் அடைத்துவிட்டார்கள். ஜன்னல்கள் புதுசு. காலையில் எழுந்து ஒவ்வொரு ஜன்னலிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். காற்றே இல்லை. ஆகிப் அவன் அறைக்குப் போய்விட்டான், ஃபைஹா அவள் பொம்மைகளைப் பரப்பிவிட்டாள். எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. பேஸ்மென்ட்தான் இப்போது வீட்டிலேயே கதகதப்பு. அங்கே மேஜை போட்டு வேலைக்கு அப்ளை பண்ணுகிறேன். இருமல் பாதியாகிவிட்டது.

நான் உன்னிடம் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. நீ சொன்னது சரி.

இனாயத்துல்லா

ஐசலின்
10 நவம்பர் 2009

தம்பிக்கு, எல்லோரும் சௌக்கியம் என்று இந்த வருஷத்தில் முதல் தடவையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். ஆஸிபாவைத் தனியாக விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றாதே.

பக்ரீத் ஆர்டர் எக்கச்சக்கம். சனிக்கிழமைகளில் கீழே எனக்கும் உன் மச்சானுக்கும் ஒரே கும்மாளம்தான். அவர் ஒரு பக்கம் லேப்டாப், நான் மறுபக்கம் கங்கு. முன்னே மாதிரி காற்று அடித்துக் கங்கு சீக்கிரம் அணைந்துபோவதில்லை, தம் அருமையாக இறங்குகிறது. ஆனால் சனிக்கிழமை வந்தால் அவருக்குத் தலைவலியும் வந்துவிடுகிறது. எனக்கும் லேசாகக் கிறுகிறுப்பு. நாள் முழுக்க நிற்கிறேனல்லவா. ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. அவர்கள் மாட்டிவிட்டுப் போன அலாரம் போன சனிக்கிழமை வீடே இடிந்துவிழுகிற மாதிரி கத்தியது. வெங்காயம் வதக்கினாலே கத்துகிற ஜாதிதானே எல்லாம். ஆகிபைக் கூப்பிட்டு ஸ்டூல் மேல் ஏறிப் பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். இப்போது வீடு அமைதி.

பக்ரீத்துக்கு நீங்கள் இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஷம்சாத்

லபக், டெக்சாஸ்
17 நவம்பர் 2009

லாத்தா, மோட்டலில் உட்கார்ந்து அவசரமாக எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உறக்கம்தான் இல்லை. டார்கெட்டை இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். மேற்கு டெக்சாஸ் முழுக்க வீடு வீடாக ஓடுகிறேன். சாப்பிடுவதும் காரில்தான்.

உன் கடிதத்தை வாசித்ததும் தம் பிரியாணி வாசம் இந்த அறைக்கே வந்துவிட்டது. பாவி, இப்படியா எழுதுவாய்? மச்சானுக்குத் தலைவலி என்றால் கண்ணாடி மாற்றுகிற வயசு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த லேப்டாப்பை முறைத்துப் பார்ப்பதைக் கொஞ்சம் குறைக்கச் சொல். அலாரம் கதை எங்கள் வீட்டிலும்தான். ஆஸிபா தாளிக்கும்போதெல்லாம் அதற்கு ஷவர் கேப் மாட்டிவிடுகிறாள். சமையல் முடிந்ததும் மறக்காமல் பேட்டரியைப் போடச் சொல்.

பக்ரீத்துக்குப் போன் பண்ணுகிறேன். மச்சானுக்கு ஸலாம் சொல்.

ஜுஹைர்

ஐசலின்
13 டிசம்பர் 2009

ஜுஹைருக்கு,

ஸலாம். பிள்ளை பெற்ற உடம்பு, ஆஸிபா பார்த்துக்கொள்ளட்டும். உன் மச்சானை அடக்கம் செய்த அன்று ஜனாஸாவுக்கு நீ வந்துபோனபோது உன்னிடம் ஒன்றும் பேச முடியவில்லை, வீடு நிறைய ஆட்கள். போனில் உன் குரலைக் கேட்டாலே அழுகை வந்துவிடுகிறது. நான்கு மாசம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன், வெளியே வரவும் முடியாது. அதனால் எழுதுகிறேன்.

பக்ரீத் காலையில் நடந்ததை நான் சொல்லித்தான் நீ கேட்க வேண்டும். விடியற்காலை ஸுப்ஹு தொழுதுவிட்டு எல்லாத் தேக்சாவுக்கும் தம் போட்டேன். அவர் பெருநாள் குளியல் முடித்து, வெள்ளை ஜுப்பா போட்டுக்கொண்டு கீழே வந்தார். “நீ போய்ப் புள்ளைய ரெடி பண்ணு, நான் தம்மப் பாத்துக்கறேன்” என்றார். நான் ஃபைஹாவுக்குத் தலைக்கு ஊற்றிப் பின்னிவிட்டேன். ஆகிப் தொழுகைக்குக் கூப்பிடக் கீழே போனான். நாற்காலியில் இருந்தார். முகம் சிவந்து நல்ல நிறமாக இருந்ததாம். தூங்குகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டிருக்கிறான். அவன்தான் மேலே தூக்கி வந்தான்.

தீயணைப்பு ஆட்கள் அலாரத்தைக் கழற்றிப் பார்த்து, “நோ பேட்டரி” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஆகிப் அங்கேதான் நின்றான். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. ஸ்கூலுக்குப் போகிறான், வருகிறான். சாப்பாட்டைத் தட்டில் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறான். ஒரே ஒருமுறை, “ஐ டிட் இட், உம்மா” என்றான். 

பிறகு சொன்னேன். இல்லடா, நீ கழற்றிய அன்று சாயங்காலமே நான் பேட்டரியைத் திரும்பப் போட்டேன், பெருநாள் காலையில் மறுபடி கத்தியது, நானே கழற்றினேன் என்றேன். அவன் நம்பவில்லை. என் முழங்காலுக்கு நான் ஸ்டூல் மேல் ஏறமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். இவனையும் நான் இழந்துவிடுவேன் போலிருக்கிறது, ஜுஹைர்.

விடுமுறைக்கு அவனை உன்னிடம் அனுப்புகிறேன். நவம்பரில் நான் எழுதிய கடிதம் உன்னிடம் இருக்கும். அதை அவன் எதிரில் எடுத்து வாசி. பேட்டரியைத் திரும்பப் போட்டுவிட்டதாக நான் எழுதியிருப்பதுபோல வாசி. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் சொன்னால் பொய். நீ வாசித்தால் நம்புவான்.

திட்டத்தின் ஆட்கள் வந்து கேட்டார்கள். உங்கள் வேலையில் குறை இல்லை, நாங்கள்தான் கரிக் கங்குகளைப் பற்றிச் சொல்லவில்லை என்றேன். அடுத்த தெருவில் வசந்தாமணி ஆன்ட்டி வீட்டுக்கு இன்னும் வேலை தொடங்கவில்லை. அவரும் குளிரில்தான் இருக்கிறார்.

உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. நீயும் சொல்லிக்கொள்ளாதே.

ஷம்சாத்

ரிச்சர்ட்சன்
29 டிசம்பர் 2009

லாத்தாவுக்கு, உனக்கும் ஃபைஹாவுக்கும் அல்லாஹ் பொறுமையைத் தரட்டும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆஸிபா தினமும் கேட்கிறாள்.

ஆகிப் வந்து ஐந்து நாளாகிறது. ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியெல்லாம் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நான் கேட்டதற்குத் தலையை ஆட்டினான், அவ்வளவுதான். முதல் மூன்று நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. அமெரிக்கா முழுக்க இந்த வேலை பார்க்கிறவர்களில் தம் போடுவது என்றால் என்னவென்று தெரிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீ வேண்டாம் என்றாய், அதனால் இதற்குமேல் எழுதவில்லை.

நேற்று மத்தியானம் அவனை மேஜையில் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். முதலிலிருந்து வாசித்தேன். எல்லோரும் சௌக்கியம் என்று நீ எழுதியிருந்ததையும் வாசித்தேன். அலாரம் இடத்துக்கு வந்ததும் நிறுத்தாமல், “சாயங்காலமே நான் பேட்டரியத் திரும்பப் போட்டுட்டேன்” என்று வாசித்தேன்.  

 அவன் தாளை என் பக்கமிருந்து தன் பக்கம் இழுத்தான். “விச் வேர்ட் இஸ் பேட்டரி, மாமா?” என்றான்.

நீ அவனுக்குத் தமிழில் அவன் பெயரை மட்டும் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். பேட்டரி என்று நீ எழுதிய வரியில் அவன் பெயரும் இருக்கிறது. கட்டை விரலால் அந்த வரியை மறைத்துக்கொண்டு, மேலே வேறொரு வார்த்தையைக் காட்டினேன்.

அவன் குனிந்து அதையே பார்த்தான். ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவினான். “ஷி புட் இட் பேக்?” என்று கேட்டான். ஆமா என்றேன். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். அழுது முடித்து, எழுந்துபோய், ஆஸிபாவிடம் பசிக்கிறது என்றான். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான், லாத்தா. நீ சொன்னதைச் செய்துவிட்டேன். இனி யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

பேட்டரி என்று நான் அவனுக்குக் காட்டிய வார்த்தை, தலைவலி.

உன் தம்பி
ஜுஹைர்